ஹைபெரிகம்: ஒரே பெயரில் மூன்று மருந்துகள்

கதவிடுக்கில் விரல் நசுங்கினாலும், வழுக்கி விழுந்து வால் எலும்பில் அடிபட்டாலும், பல் பிடுங்கிய பிறகு தாடையில் சுரீர் சுரீரென்று வலித்தாலும் ஹோமியோபதி மருத்துவர்கள் முதலில் நினைக்கும் பெயர் ஹைபெரிகம். ஆர்னிகா என்பது ரத்தக்கட்டுக்கு அவர்கள் கொடுக்கும் மருந்து; 'நரம்புகளுக்கான ஆர்னிகா' என்று அவர்கள் வட்டத்தில் இதற்குப் பட்டமே உண்டு. ஆனால் அந்தப் பெயரில் விற்கப்படுவது ஒரே பொருள் அல்ல. 30சி என்று எழுதிய சர்க்கரை உருண்டை ஒரு வகை. கியூ என்று எழுதிய, செடியைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த, செம்பழுப்பு நிறமுள்ள தாய்த் திரவம் இன்னொரு வகை. 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்' என்ற பெயரில் வரும் மூலிகை மாத்திரை மூன்றாவது. மூன்றும் ஒரே செடியிலிருந்து தொடங்குகின்றன. உள்ளே இருக்கும் சரக்கு, உடலில் அது செய்யும் வேலை, தரக்கூடிய ஆபத்து எல்லாவற்றிலும் மூன்றும் வேறு வேறு. மாத்திரைக்குக் கிடைத்த ஆய்வு முடிவை உருண்டைக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். உருண்டையால் பக்கவிளைவு இல்லை என்பதைத் தாய்த் திரவத்துக்கும் மாத்திரைக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. இரண்டாவது, உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய தவறு.

செடி

ஹைபெரிகம் பெர்ஃபொரேட்டம் ஐரோப்பா, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட பல்லாண்டுச் செடி. இந்தியாவில் காஷ்மீர் தொடங்கி இமாச்சலம் வரை மேற்கு இமயமலைச் சரிவுகளில், சுமார் 2000 முதல் 3000 மீட்டர் உயரத்தில் தானாக வளர்கிறது. ஐந்து இதழ் மஞ்சள் பூ, நடுவில் மூன்று கொத்தாகப் பிரிந்த ஏராளமான மகரந்தத் தாள்கள். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல் ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். அவை ஓட்டைகள் அல்ல, எண்ணெய்ச் சுரப்பிகள். இதழ் விளிம்பில் இருக்கும் கரும்புள்ளிகளில் ஹைபெரிசின் என்ற சிவப்பு நிறமி இருக்கிறது. மொட்டை விரலால் நசுக்கினால் சிவப்புச் சாறு ஒட்டும். ஐரோப்பாவில் ஜூன் 24ஆம் தேதி வரும் திருமுழுக்கு யோவான் திருநாளை ஒட்டிப் பூப்பதால்தான் செயின்ட் ஜான் பெயர் இதற்கு வந்தது.

இதே பேரினத்தைச் சேர்ந்த ஹைபெரிகம் மைசூரென்ஸ் நீலகிரியிலும் பழனி மலையிலும் இலங்கையின் நடுமலைநாட்டிலும் சோலைக்காட்டு ஓரங்களிலும் புல்வெளிகளிலும் பெரிய மஞ்சள் பூக்களோடு நிற்கும். உறவுச் செடிதான் என்றாலும் மருந்துச் செடி இது அல்ல. 'நம்ம ஊட்டியிலேயே இருக்கிறதே' என்று அதைப் பறித்து எண்ணெய் காய்ச்சுவதில் பொருளில்லை. ஆராயப்பட்ட வேதிப்பொருள்களும் அளவுகளும் பெர்ஃபொரேட்டத்துக்கு உரியவை. ஐரோப்பாவிலேயே இந்த ஆள்மாறாட்டம் நடக்கும். ஹைபெரிகம் மாகுலேட்டம் என்ற இனம் பார்வைக்கு ஏறத்தாழ இப்படியே இருக்கும். தண்டைப் பார்த்துப் பிரிக்கலாம்: பெர்ஃபொரேட்டத்தின் தண்டில் நீளவாக்கில் இரண்டு வரம்புகள் ஓடும், மற்றதன் தண்டில் நான்கு. இலைப் புள்ளிகளும் மற்றதில் மிகக் குறைவு.

செடிக்கு உண்மையான வீரியம் உண்டு என்பதைக் கால்நடை வளர்ப்போர் மருத்துவர்களுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். இதை நிறைய மேய்ந்த வெள்ளைத் தோல் ஆடுமாடுகள் வெயிலில் நின்றால் தோல் வெந்து புண்ணாகும். ஹைபெரிசின் தோலுக்குப் போய் ஒளியோடு வினைபுரிவதே காரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவுக்குள் புகுந்த இந்தச் செடி 'கிளமத் களை' என்ற பெயரில் லட்சக்கணக்கான ஏக்கர் மேய்ச்சல் நிலத்தைப் பாழாக்கியது. 1945-46இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த கிரைசோலினா வண்டுகளை விட்ட பிறகே கட்டுக்குள் வந்தது.

தாய்த் திரவமும் வீரியங்களும்

ஹோமியோபதித் தயாரிப்புக்குப் பூத்திருக்கும் நிலையில் முழுச் செடியைப் பச்சையாக எடுக்கிறார்கள். காய்ந்த சரக்கில் ஹைபெர்ஃபோரின் என்ற முக்கியமான பொருள் காற்றும் ஒளியும் பட்டு வேகமாகச் சிதைந்துவிடும். பூ முடிந்து காய் முற்றிய பிறகு பறித்தால் ஹைபெரிசினும் குறையும். ஆகவே பறிக்கும் வாரமே தரத்தில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது.

செடியை நறுக்கி விழுதாக அரைத்து, அதில் கொஞ்சத்தை உலர்த்தி ஈரம் எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். இந்திய, அமெரிக்க ஹோமியோபதி மருந்துநூல் முறைப்படி தாய்த் திரவத்தின் செறிவு பத்தில் ஒன்று: உலர் எடைக் கணக்கில் 100 கிராம் செடிக்கு 1000 மில்லி திரவம். ஈரம் 70 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் உலர் சரக்கு கிடைக்க ஏறத்தாழ 333 கிராம் பச்சை விழுது வேண்டும். அதில் 233 மில்லி தண்ணீர் ஏற்கெனவே இருக்கும். அந்தத் தண்ணீரையும் கணக்கில் சேர்த்தே அடர் சாராயம் ஊற்ற வேண்டும். இந்தக் கணக்கை விட்டுவிட்டால் சாராய விகிதம் இறங்கி, நிறமி சரியாகக் கரையாமல் போகும், நாளடைவில் வண்டலும் படியும். மூடிய பாத்திரத்தில், வெளிச்சம் படாத இடத்தில், தினமும் குலுக்கி ஊறவைத்து, பிறகு பிழிந்து வடிகட்டுவார்கள். நல்ல தாய்த் திரவம் ஆழ்ந்த செம்பழுப்பாக இருக்கும். ஆய்வகத்தில் மெல்லிய படலப் பிரிப்பு முறையில் ஓடவிட்டு 365 நானோமீட்டர் புறஊதா ஒளியில் பார்த்தால் ஹைபெரிசின் செந்நிறமாக ஒளிரும். போலியைப் பிடிக்க அதுதான் நம்பகமான வழி. வெறும் நிறத்தைச் சாயம் போட்டும் கொண்டுவந்துவிடலாம்.

இதுவரை நடப்பது மூலிகை மருந்துத் தயாரிப்பு. இதற்குப் பிறகுதான் ஹோமியோபதிக்கே உரிய படி வருகிறது. ஒரு பங்கு திரவத்தோடு 99 பங்கு சாராயம் கலந்து பலமாகத் தட்டிக் குலுக்கினால் நூற்றுவரிசையில் ஒரு படி. அதிலிருந்து மறுபடி ஒரு பங்கு, மறுபடி 99 பங்கு. மூன்று படியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆறு படியில், அதாவது 6சியில், லட்சம் கோடியில் ஒரு பங்கு. 30சி என்றால் 1 எழுதி 60 சுழியம் போட்ட எண்ணில் ஒரு பங்கு. 200சிக்கு 400 சுழியம்.

இதை மூலக்கூறு எண்ணிக்கையாகவே போட்டுப் பார்க்கலாம். ஹைபெரிசினின் மூலக்கூறு எடை சுமார் 504. ஒரு மில்லி தாய்த் திரவத்தில் 1 மில்லிகிராம் ஹைபெரிசின் இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். உலர்ந்த செடியில் அது பொதுவாக 0.1 முதல் 0.3 விழுக்காடுதான் என்பதால் நிஜ அளவு இதைவிடக் குறைவு. ஒரு மில்லிகிராமில் உள்ள மூலக்கூறுகள் ஏறத்தாழ 12க்குப் பின் 17 சுழியம். ஒவ்வொரு படியும் இரண்டு சுழியத்தைத் தின்றுவிடும். ஒன்பதாவது படியில் மில்லிக்கு ஒரு மூலக்கூறு மிஞ்சும். பத்தாவது படியில், நூறு மில்லியைத் தேடினால் ஒன்று. 30சி அதற்கு மேலும் இருபது படி தாண்டிய பிறகு வருவது. அந்தத் திரவத்தைச் சர்க்கரை உருண்டையில் தெளித்து உலர்த்தி விற்கிறார்கள். ஆகவே 30சி உருண்டையில் செடியின் பொருள் எதுவும் இல்லை என்பது எதிர்ப்பாளர்களின் வசைச்சொல் அல்ல. தயாரிப்பு முறையே தரும் விடை. ஹோமியோபதியர் இதை மறுப்பதில்லை. குலுக்கும்போது பொருளைத் தாண்டிய ஆற்றல் ஒன்று கரைசலில் பதிகிறது என்பது அவர்கள் கொள்கை. அப்படி ஒன்று பதிகிறது என்று இயற்பியலோ வேதியியலோ இதுவரை உறுதிப்படுத்தவில்லை.

எந்த வலிக்கு எது

ஹோமியோபதியை நிறுவிய சாமுவேல் ஹானிமன் தாமே சோதித்துத் தொகுத்த மருந்துகளில் ஹைபெரிகம் இல்லை; அவருடைய வழிவந்தவர்கள் சேர்த்தது. அவர்கள் எழுதிவைத்த குறிகள் தெளிவானவை. அடிபட்ட இடத்தின் தோற்றத்துக்குப் பொருந்தாத அளவு கடுமையான வலி. அது அடிபட்ட இடத்திலிருந்து நரம்பின் வழியே மேல்நோக்கிச் சுண்டி இழுப்பது. கூடவே மரத்துப்போவது, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு. இடம் என்று பார்த்தால் விரல் நுனி, நகக்கண், கால்விரல், உதடு, பல், முதுகுத்தண்டின் கீழ்முனை. நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கும் இடங்கள் இவை.

அக்கம்பக்க மருந்துகளோடு வைத்துப் பார்த்தால்தான் இந்தத் தேர்வின் தர்க்கம் புரியும். தசை கன்றி ரத்தக்கட்டு என்றால் ஆர்னிகா. ஆணி, முள் குத்தி, காயம் தொடுவதற்குக் குளிர்ந்திருந்தால் லீடம். தசைநாண், எலும்பு உறை என்றால் ரூட்டா. எலும்பு முறிவுக்கு சிம்பைட்டம். கத்தி வெட்டினாற்போல் சுத்தமான வெட்டுக்கு ஸ்டாஃபிசாக்ரியா. கிழிந்த திறந்த காயத்துக்குப் பூச காலெண்டுலா. தாய்த் திரவ நிலையில் ஹைபெரிகமும் காலெண்டுலாவும் சரிபாதி கலந்தது 'ஹைபெர்கால்' என்ற பெயரில் காயம் கழுவப் பயன்படுகிறது. பத்துப் பங்கு, இருபது பங்கு கொதித்தாறிய தண்ணீரில் கலந்துதான் பயன்படுத்துவார்கள். நீர்க்காமல் திறந்த காயத்தில் ஊற்றினால் சாராயம் திசுவை எரித்து ஆறுவதைத் தாமதப்படுத்தும். ஆர்னிகாத் தைலத்தைத் தோல் கிழிந்த இடத்தில் பூசக் கூடாது என்பதும் இவர்களின் பழைய விதி, நல்ல விதி.

உள்ளுக்குக் கொடுக்கும் வழக்கம், புதிய காயத்துக்கு 30 வீரியத்தில் நான்கு உருண்டை, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, வலி குறையக் குறைய இடைவெளியைக் கூட்டுவது. முதுகுத்தண்டு அடிக்கு 200. வழக்கம் இதுதான் என்று சொல்வதற்கும், இது வேலை செய்கிறது என்று சொல்வதற்கும் நடுவில் ஒரு பெரிய கேள்வி நிற்கிறது. அதற்கு அடிபட்ட நரம்பைப் பற்றித் தெரிய வேண்டும்.

நரம்பு தானாகவே எவ்வளவு தூரம் ஆறும்

ஹெர்பெர்ட் செடன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1943இல் நரம்புக் காயங்களை மூன்றாகப் பிரித்தார். இன்றும் அதுவே அடிப்படை. முதல் வகையில் நரம்பிழை அறுவதில்லை. அழுத்தத்தால் மின்துடிப்பு மட்டும் அந்த இடத்தில் தடைபடும். சில நாள்களிலிருந்து 12 வாரத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். இரண்டாம் வகையில் உள்ளிழை அறும், வெளியுறை பிழைத்திருக்கும். இழை அந்த உறைக்குள்ளேயே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து போகும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு 18 சென்டிமீட்டர் என்றால் ஆறு மாதம். மூன்றாம் வகையில் நரம்பே துண்டாகிவிடும். தையல் போட்டுச் சேர்க்காமல் அது ஒழுங்காகச் சேராது. முனைகள் கட்டியாகத் திரண்டு, தொட்டாலே மின்சாரம் பாய்ந்தாற்போல் வலிக்கும் முடிச்சாகலாம்.

நசுங்கல், சப்பையடி, பல் பிடுங்கியதன் பின்வலி போன்றவற்றில் பெரும்பாலானவை முதல் வகை. இந்த இடத்தில்தான் எந்த மருந்தும் வென்றதுபோல் தோன்றும். கதவில் நசுங்கிய விரலின் உச்ச வலி முதல் ஒரு நாள், இரண்டு நாளில் வந்து பிறகு தானாக இறங்கும். வலி உச்சியில் இருக்கும்போது மருந்தைத் தொடங்குகிறோம். அடுத்து வரும் இறக்கம் மருந்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. கொடுத்தவரும் வாங்கியவரும் பொய் சொல்லவில்லை. மருந்து இல்லாமல் அதே விரல் எப்படி ஆறியிருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒருவருக்கும் வழியில்லை. மருந்துப் பொருள் எதுவும் இல்லாத வெற்று மருந்தோடு ஒப்பிடும் ஆய்வு வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

அப்படி நடந்த ஆய்வுகள் குறைவு. 1984இல் பிரான்சில் பல் பிடுங்கிய பின் நரம்பு வலி வந்த 60 பேரிடம் ஆர்னிகா 7சியும் ஹைபெரிகம் 15சியும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மருந்தைவிட நல்ல பலன் என்று முடிவு வந்தது. ஹோமியோபதி நூல்கள் இதை அடிக்கடி எடுத்துக்காட்டும். இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்ததால் ஹைபெரிகத்தின் பங்கு எது என்று இதிலிருந்து பிரிக்க இயலாது; ஆளும் குறைவு. 1995இல் நார்வேயில் நடந்தது இதைவிட இறுக்கமான அமைப்பு. 24 பேருக்கு இருபக்க ஞானப்பற்களையும் வெவ்வேறு நாளில் எடுத்து, ஒரு பக்கத்துக்கு ஹோமியோபதி மருந்தும் மறுபக்கத்துக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடு. ஆளுக்கேற்ப மருந்தைத் தேர்ந்தது ஹோமியோபதியர்களே. ஹைபெரிகமும் ஆர்னிகாவும் அந்தப் பட்டியலில் இருந்தன. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான முடிவு: வலியிலும் வீக்கத்திலும் வேறுபாடு இல்லை. 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வு மன்றம் 61 நோய்நிலைகள் குறித்த 176 ஆய்வுகளைப் பரிசீலித்து, ஹோமியோபதி பலன் தரும் என்று நம்பகமான சான்றோடு சொல்லத்தக்க நோய் எதுவும் இல்லை என்று அறிவித்தது. அந்தப் பரிசீலனை முறையை ஹோமியோபதி அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. எதிர்ப்பை எடைபோட்டாலும், நரம்புக் காயத்துக்கு ஹைபெரிகம் 30சி தனியாக வேலை செய்கிறது என்று காட்டும் வலுவான ஆய்வு ஒன்றைக் கையில் எடுத்துக் காட்ட முடியவில்லை என்பதே இன்றைய நிலை.

மூலிகை மாத்திரையின் கதை வேறு. 2008இல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 29 சோதனைகளையும் 5489 நோயாளிகளையும் எடுத்துக்கொண்டு, மனச்சோர்வு நோய்க்கு இந்தச் சாறு வெற்று மருந்தைவிட மேல், வழக்கமான மாத்திரைகளுக்கு ஏறத்தாழ நிகர் என்றது. அது மனச்சோர்வுக்கு, நரம்பு வலிக்கு அல்ல. நரம்பு வலிக்கென்றே டென்மார்க்கில் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். பலநரம்பு நோய் உள்ள 54 பேர் சேர்ந்தார்கள், 47 பேர் முடித்தார்கள். ஐந்து வாரம் சாறு, ஐந்து வாரம் வெற்று மருந்து. வலியில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. செடியின் பொருள் நிறைய இருக்கும் மாத்திரையே நாள்பட்ட நரம்பு வலியை அசைக்கவில்லை. அப்படியிருக்க, 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட் ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்ற வாசகத்தை உருண்டைப் புட்டியின் விளம்பரத்தில் ஒட்டுவது நோயாளியை ஏமாற்றும் வேலை.

ஆபத்து இருக்கும் இடம்

ஹைபெர்ஃபோரின் கல்லீரலில் ஒரு விசையைத் தட்டிவிடுகிறது. அதனால் சிஒய்பி 3ஏ4 என்ற நொதியும், குடலில் மருந்தைத் திருப்பி வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதமும் கூடுதலாக உற்பத்தியாகும். மற்ற மருந்துகளை உடல் வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும். 2000ஆம் ஆண்டில் இது வெளிச்சத்துக்கு வந்தது. எச்ஐவிக்கான இண்டினாவிர் மருந்தின் ரத்த அளவு, இரண்டு வாரம் மூலிகை மாத்திரை எடுத்தவர்களிடம் 57 விழுக்காடு குறைந்தது. அதே ஆண்டு சூரிக்கில் மாற்று இதயம் பொருத்திய இருவருக்கு, நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு சரிந்து, உடல் அந்த இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், இதய மருந்தான டிகாக்சின், கருத்தடை மாத்திரை, வலிப்பு மருந்துகள் சில ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு இடையில் ரத்தக்கசிவு வந்தால் இதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நரம்பு வலிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான ஆபத்து ஒன்று உண்டு. சர்க்கரை நோயால் பாதம் எரிபவர்களுக்கு மருத்துவர்கள் எழுதும் டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் இரண்டும் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளோடு தொடர்புள்ளவை. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மாத்திரையும் அப்படியே. ஒன்றாகச் சேர்ந்தால் செரட்டோனின் மிகுந்து, நடுக்கம், வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு, குழப்பம் வரை போகலாம். ஹைபெரிகத்தை நரம்புக்கு நல்லது என்று தேடிப் போகிறவரே டுலாக்செட்டின் சாப்பிடுகிறவராக இருக்க வாய்ப்பு அதிகம். இதைத்தான் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாய்த் திரவம் எந்தப் பக்கம்? கணக்குப் போடலாம். பத்துச் சொட்டு, நாளுக்கு மூன்று வேளை. 1 மில்லியில் 20 சொட்டு என்று பெரிய சொட்டாகவே எடுத்துக்கொண்டால் நாளுக்கு 1.5 மில்லி, அதாவது 150 மில்லிகிராம் உலர் செடிக்குச் சமம். மனச்சோர்வுக்குத் தரும் 900 மில்லிகிராம் சாறு சில கிராம் செடியிலிருந்து வருவது. ஆகவே தாய்த் திரவ அளவு அதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் சுழியம் அல்ல. சிலர் இருபது முப்பது சொட்டு என்று கூட்டிக்கொண்டே போவதும் உண்டு. மாற்று உறுப்பு பொருத்தியவர்கள், வார்ஃபரின் எடுப்பவர்கள், எச்ஐவி மருந்து எடுப்பவர்கள் தாய்த் திரவத்தை உள்ளுக்குத் தொடவே கூடாது. 'ஹோமியோபதிதானே, ஒன்றும் செய்யாது' என்ற சொல் 30சிக்குப் பொருந்தலாம், கியூவுக்குப் பொருந்தாது.

சில காயங்கள், சில கெடுக்கள்

நசுங்கிய விரல். முதல் வேலை மோதிரத்தைக் கழற்றுவது. வீங்கிய பிறகு கழற்ற வராது. துணியில் சுற்றிய பனிக்கட்டி 10 முதல் 15 நிமிடம், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைப்பது, வலிக்குப் பாராசிட்டமால். நகத்தடியில் கறுத்து ரத்தம் தேங்கி விண்விண்ணென்று தெறித்தால், முதல் ஓரிரு நாளுக்குள் மருத்துவர் நகத்தில் சிறு துளையிட்டு ரத்தத்தை வெளியேற்றினால் வலி சட்டென்று அடங்கும். எந்த உருண்டையும் இந்த வேலையைச் செய்யாது, ஏனென்றால் வலிக்குக் காரணம் அடைபட்ட அழுத்தம். நுனி எலும்பு நொறுங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தொங்கும் நகத்தைப் பிய்க்கக் கூடாது. புது நகம் வரும்வரை அதுவே மூடி. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும்; முழுதாக வர நான்கு முதல் ஆறு மாதம்.

ஆணி குத்தல். பழைய ஹோமியோபதி நூல்கள் ஹைபெரிகம் ரணஜன்னியை (டெட்டனஸ்) தடுக்கும் என்று எழுதின. தடுப்பூசியே இல்லாத காலத்து நம்பிக்கை அது. இன்று அதை யாராவது திருப்பிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். டெட்டனஸ் கிருமி ஆழமான குத்துக்காயத்தில், காற்றுப் படாத இடத்தில் நஞ்சைச் சுரக்கும். அறிகுறி தெரிய பொதுவாக 3 முதல் 21 நாள் ஆகும். காயம் ஆறிவிட்டது என்று நினைக்கும்போது தாடை இறுகும். அழுக்கான அல்லது ஆழமான காயத்துக்கு, கடைசி டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு 5 ஆண்டு தாண்டியிருந்தால் ஒன்று போட வேண்டும். சுத்தமான சிறு காயத்துக்கு 10 ஆண்டு. அடிப்படைத் தவணைகளே போடாதவருக்கு அழுக்குக் காயம் என்றால் எதிர்நஞ்சுப் புரதமும் சேர்த்து வேண்டும்.

வெட்டுக்காயத்துக்குப் பின் மரத்துப்போனால் அது வலியைவிடப் பெரிய எச்சரிக்கை. கண்ணாடி, அரிவாள்மனை பட்ட விரலின் ஒரு பக்கம் மட்டும் தொட்டால் தெரியவில்லை என்றால் அந்தப் பக்க நரம்பு அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. சொல்லத் தெரியாத குழந்தையிடம் மருத்துவர்கள் விரல்களை 40 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். நரம்பு உள்ள விரல் நுனி சுருங்கும். நரம்பு அறுந்த விரல் வழவழவென்றே இருக்கும். அறுந்த நரம்பைச் சில நாள்களுக்குள் தைத்தால் பலன் மிகுதி. மரப்பு தானாகத் தெளியும் என்று மாதக்கணக்கில் ஹைபெரிகம் கொடுத்துக் காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவும். தசைக்குப் போகும் நரம்பாக இருந்தால் ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குள் இழை போய்ச் சேராவிட்டால் தசை மீளாது.

வால் எலும்பு அடி பெரும்பாலும் சில வாரம் முதல் சில மாதத்துக்குள் அடங்கும். பின்பக்கம் வெட்டிவிட்ட ஆப்பு வடிவத் தலையணையில் உட்காருவது, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது, முன்சாய்ந்து உட்காருவது ஆகியவை உதவும். விழுந்த பிறகு சிறுநீர் வராமல் நின்றாலோ, தெரியாமல் கழிந்தாலோ, தொடையிடுக்கும் பிறப்புறுப்பைச் சுற்றிய இடமும் மரத்தாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அக்கி வந்தால் முதல் 72 மணி நேரம் விலைமதிப்பற்றது. கொப்புளம் தெரிந்த உடனே அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கினால் நோயின் கடுமையும் நாளும் குறையும். வழக்கமான அளவு 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து தடவை, ஏழு நாள். சிறுநீரகக் குறை இருந்தால் மருத்துவர் குறைப்பார். நம் ஊரில் காவி குழைத்து அக்கி எழுதப் போவதில் ஒரு நாள் போகும், அடுத்து உருண்டை வாங்குவதில் இரண்டு நாள் போகும், பிறகு எரிச்சல் தாங்காமல் மருத்துவமனைக்கு வரும்போது அந்த நேரம் முடிந்திருக்கும். முதியவர்களுக்கு இந்தத் தாமதம் குறிப்பாகக் கொடியது. அக்கி ஆறிய பின்னும் மாதக்கணக்கில் நிற்கும் நரம்பு வலி அவர்களையே அதிகம் பிடிக்கிறது.

பாதம் எரிகிறது, குத்துகிறது என்று ஹைபெரிகம் கேட்பவர் முதலில் ரத்தச் சர்க்கரை, பி12, தைராய்டு மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் பல ஆண்டு சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது சாதாரணம். அதை ஈடுகட்டினால் நரம்புச் சேதம் மேலும் போகாமல் நிற்கும், ஈடுகட்டாவிட்டால் நிரந்தரமாகலாம்.

செம்மண் நிறத்தில் ஆலிவ் எண்ணெயில் ஊறவைத்து விற்கும் ஹைபெரிகம் தைலம் நான்காவது வகை. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போகாமலிருப்பது நல்லது. புட்டி வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்காமல் பக்கத்திலுள்ள எழுத்தைப் பாருங்கள்: கியூ என்றால் தாய்த் திரவம், 3எக்ஸ், 6எக்ஸ் என்றால் பத்துவரிசைக் குறை நீர்ப்பு, செடிப் பொருள் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், 30சி, 200சி, 1எம் என்றால் இல்லை. 12 விழுக்காட்டுக்கு மேல் சாராயம் உள்ள ஹோமியோபதித் திரவத்தைச் சில்லறையில் 30 மில்லிக்கு மேற்பட்ட புட்டியில் விற்க இந்திய விதி அனுமதிப்பதில்லை. பெரிய புட்டியில் யாராவது ஊற்றித் தந்தால் வாங்க வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், மூலிகை மாத்திரையையோ தாய்த் திரவத்தையோ இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு மயக்க மருந்து நிபுணரிடம் சொல்ல வேண்டும். நிறுத்திய பிறகும் கல்லீரல் நொதிகள் பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ அவ்வளவு நாள் ஆகும். அந்த இடைவெளியில் வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தம் உறையும் அளவு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் பரிசோதனையை நெருக்கமாகச் செய்ய வேண்டும்.